இடது கண்ணுக்குத் தைத்த பட்டை

இடது கண் பட்டையைச் சரிசெய்துகொண்டு, கறுப்புத் துண்டுக்குள் தலையை நுழைத்துத் தொலைநோக்கிக் குழாயில் கண்ணை வைத்தாள்.

துண்டுக்குள் இருட்டு. இருட்டுக்குள் சிவப்பாக ஒரு சூரியன்.

வட்டம் இருந்தது. விளிம்பும் இருந்தது. விளிம்பில் எழும் தீநாக்குகளைத்தான் காணோம்.

இடப்பக்கம் ஏதோ நிற்பதுபோல் இருந்தது. பார்வையை அங்கே கொண்டுபோனாள். கரைந்துவிட்டது. பார்வையைச் சற்று விலக்கினாள். திரும்பவும் அங்கே ஏதோ நிற்பதுபோல் இருந்தது.

சனியன் பிடித்த குழாய்.

மொட்டை மாடியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காலடியில் நனைத்துப் போட்டிருந்த சாக்கு அதற்குள் காய்ந்துவிட்டது.

வாங்கிய புதிதில் இப்படி இல்லை. சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த சின்னத் தொலைநோக்கி. புதிதாகப் பழகுகிறவர்களுக்கானது. அதிலேயே தீநாக்குகள் நன்றாகத் தெரிந்தன. காலைச் சமையல் முடிந்ததும் மாடிக்கு வந்துவிடுவாள். துண்டுக்குள் போய்விட்டால் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. விழுந்தாலும் பதில் சொல்லமாட்டாள்.

அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு எப்போதோ மங்கத் தொடங்கியது.

முதலில் கண்ணை வைக்கிற ஐபீஸை மாற்றினாள். படம் பெரிதாயிற்று. ஃபோகஸ் குமிழை மாற்றினாள், மயிரிழை அளவுக்குத் திருகக்கூடியதாக. படம் ஆடாமல் நின்றது. தீநாக்கு மட்டும் வரவில்லை.

வானம் பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள். வால் பக்கம் இருக்கிற ஃபில்டர் ரொம்பச் சின்னது, பெரியதாகப் போடுங்கள் என்றார்கள். எல்லோரும் குழாயையே குறை சொன்னது ஆறுதலாக இருந்தது. ஒருவர் மட்டும், கண்ணைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார்.

அதற்கு அவள் பதில் போடவில்லை.

கண்ணாக இருக்கக் கூடாது. கண் என்றால் வியாகப்பனிடம் சொல்லியாக வேண்டும்.

அவள் கணவர். குழாய் வீட்டுக்கு வந்த அன்றே, "கண்ணு போயிரும், பாத்துக்கோ" என்றவர். இந்த ஃபில்டர்கள் வழியாகப் பார்த்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. அவர் நம்பவில்லை. ஒருநாளும் குனிந்து பார்த்ததும் இல்லை. கண்ணில் கோளாறு என்று தெரிந்தால், டாக்டர் என்ன காரணம் சொன்னாலும் பழி சூரியன் மேல்தான். குழாய் பரண் ஏறிவிடும்.

இன்று புது ஃபில்டர் போட்டிருந்தாள். மாற்றுவதற்கு இனி ஒன்றும் பாக்கி இல்லை.

குழாயின் வளையத்தை மெல்லத் திருப்பினாள். சிவப்பு அடர்ந்தது. குமிழைத் திருகினாள். விளிம்பு தெளிந்தது. தெளிந்த இடத்தை நேராகப் பார்த்தாள்.

கலங்கியது.

பயமாக இருந்தது.

வியாகப்பன் காய்ந்த துணி எடுக்க மாடிக்கு வந்தார்.

"ஏங்க. இத ஒருக்கா பாக்கியளா?"

அவர் கொடியிலிருந்து வேட்டியை உருவியபடியே நின்றார்.

"நானா?"

"புது ஃபில்டர். சரியா இருக்கான்னு தெரியணும்."

அவள் இதுவரை அவரை அப்படிக் கேட்டதில்லை. அவர் வேட்டியைக் கைப்பிடிச் சுவரில் போட்டார். சிலுவை போட்டுக்கொண்டார். துண்டுக்குள் போனார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏட்டி, இது என்னது? ஓரத்துல சோறு பொங்கி வழியுத மாதிரி ஒண்ணு எந்திரிச்சு நிக்கு."

அவள் துண்டின் அருகே குனிந்தாள்.

"எந்தப் பக்கம்?"

"இந்தா, இடது பக்கம். மேல இன்னொண்ணு. சின்னது. ஒண்ணையும் தொடாம அந்தரத்துல நிக்கு."

"நல்லா தெரியுதா?"

"நல்லா தெரியுதுல்லா. இதுல என்ன கொறைங்குத?"

அவர் விலகினார். அவள் உள்ளே போனாள்.

பட்டை இடது கண்ணில் இருந்தது. ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் நிற்க முடியாது என்று, குழாய் வாங்கிய புதிதில் அவளே தைத்தது. பார்க்கிற கண் வலது. மூடுகிற கண் இடது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் மாற்றிப் பார்த்ததில்லை. மாற்றத் தோன்றியதும் இல்லை. குழாயில்தான் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

பட்டையைக் கழற்றினாள். இடது கண்ணை வைத்தாள்.

இருந்தது.

சோறு பொங்குவதுபோலத்தான். மேலே சின்னது, ஒன்றையும் தொடாமல். இவ்வளவு தெளிவாக அவள் ஒருபோதும் பார்த்ததில்லை.

நல்ல ஃபில்டர்.

வேண்டிய மட்டும் பார்த்தாள். பிறகு தலையை வெளியே எடுத்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

சட்டை தெரிந்தது. காதுகள் தெரிந்தன. நடுவில் அவர் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"கண்ண எதுக்குப் பொத்துத?"

"வெயில் கூசுது."

"இம்புட்டு நாளும் நான் சும்மா பயந்திருக்கேன், பாரு. நாளைக்கும் கூப்பிடு. இதால கண்ணுக்கு ஒண்ணும் ஆவாது, என்ன?"

அவள் கையை எடுக்கவில்லை. அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆவாது."