யாரிடமிருந்தும் வரவில்லை

டாக்டரம்மா ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்து நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

அதுதான் நரம்பு செல் என்றார்.

சேதி கடத்த ஒரு ரசாயனம் இருக்கிறது. அதைப் பிடித்து வைக்கவும் அவிழ்த்துவிடவும் வேண்டிய புரதங்கள் இந்த வட்டத்துக்குள்தான் தயாராகின்றன. சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கோடு நெடுகப் போகின்றன. வழியில் இருக்கும் முனைக்கெல்லாம் பங்கு உண்டு. கடைசி முனைக்கும் உண்டு.

"உங்க பையனுக்கு எல்லாம் நல்லாத்தான் தயாராகுது. சுமந்துட்டுப் போற புரதம்தான் நோஞ்சான். பாதி வழியிலேயே எறக்கி வெச்சிடுது. காலுக்கான நரம்பு ரொம்ப நீளம். அதான் கால் மொதல்ல தளந்துபோச்சு."

அவளுக்குப் புரிந்தது. கடைமடை ஊரில் பிறந்தவள். அணை திறந்த செய்தி வரும், தண்ணீர் வராது.

மடியில் இனியன் காலைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். ஆறு வயது.

"இது எங்க பக்கத்துலேர்ந்து வந்ததுங்களா டாக்டர்?"

கேட்டேவிட்டாள்.

அவளுடைய மாமா ஒருவர் போலியோவில் கால் விந்தி நடப்பார். மாமியாருக்கு அது போதாதா? நொண்டி வம்சம் என்று பேர் வைத்தாயிற்று. நாத்தனார் கல்யாணத்தில் பிள்ளையோடு அவளைச் சமையற்கட்டுப் பக்கமே உட்காரவைத்தார்கள். இப்போது பக்கத்து நாற்காலியில் இருக்கும் கணவன் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. புண்ணியவான்.

"ரெண்டு பேர் ரத்தமும் பாத்தாச்சும்மா. உங்ககிட்டயும் இல்ல, அவர்கிட்டயும் இல்ல. பிள்ளைக்குப் புதுசா வந்த மாத்தம். யார் மேலயும் தப்பில்ல."

அவள் அழுதுவிட்டாள்.

மருந்து கிடையாது என்று சொன்னபோதுகூட அழாதவள்.

வராந்தாவுக்கு வந்ததும் கணவனின் போன் அடித்தது. அவன் அம்மாதான்.

"ம்... மருந்து இல்லையாம், அம்மா. எக்சர்சைஸ் பண்ணச் சொல்றாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

அவள் அவனையே பார்த்தாள். அவன் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறை நோட்டீஸை வாசித்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போனைப் பிடுங்கினாள். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மாமியாரிடம் சொன்னாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

ஆறு வருஷத்தில் இப்படி ஒரு நிம்மதியை அவள் அனுபவித்ததில்லை.

பிறகு குரல் வந்தது.

"அவன்கிட்டயும் இல்ல, உன்கிட்டயும் இல்லன்னா, உன் வயித்துலதானடி கெட்டுப்போச்சு?"

வராந்தாவில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கணவனுக்கும் நன்றாகவே கேட்டது.

அவன் போனைத் தரச் சொல்லிக் கையை நீட்டினான்.

நீட்டிய கையில் அவள் பிள்ளையை வைத்தாள்.

ஆறு வயதுப் பிள்ளை நல்ல கனம்.

அவனுக்கு அது இப்போதுதான் தெரிந்தது.