சொல்லாத பெயர்

1941 மார்ச் மாதத்துக் காலை வெயில் மதுரை ஆஸ்பத்திரியின் உயரமான ஜன்னல் வழியாக அறுவை மேசைமேல் விழுகிறது. அலங்காநல்லூர்ச் சீனியம்மாளின் மண்டையோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார் வெள்ளைக்கார டாக்டர். தோல் மரத்துப்போக மட்டுமே மருந்து கொடுத்திருப்பதால் அவள் விழித்திருக்கிறாள். ஈரமும் ரோஜா நிறமுமாக அவள் மூளை எழும்பித் தாழ்கிறது. வெட்டியெடுக்க வேண்டிய கட்டி, பேச்சு பிறக்கும் இடத்தை ஒட்டியிருக்கிறது. கத்தி நகர்ந்துகொண்டிருக்கும்போதெல்லாம் அவள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்; பேச்சு தடுமாறினால் கை தவறிவிட்டது என்று பொருள். முகத்தை மூடிய வெள்ளைத் துணிக்குள்ளிருந்து குரல் தெளிவாக வருகிறது: “மூத்தவ முத்துத்தாயி, அடுத்தவன் விருமாண்டி, எங்க மாடு மயிலை...”

“உன் புருஷன் பெயர் என்ன?” என்கிறார் டாக்டர், தான் படித்த தமிழில். குரல் நின்றுவிடுகிறது. கத்தி அப்படியே நிற்கிறது. வெளியே போகும் வண்டிமாட்டின் மணிச்சத்தம் மட்டும் கேட்கிறது. “பேசு, சீனியம்மா” என்கிறார் மறுபடி. அவர் முகம் வெளுத்துப்போகிறது. நர்ஸ் ஜெயக்கொடி பதறிப்போய்த் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறாள். உதட்டைக் கடித்துக்கொண்டு வெட்கத்தில் நெளிகிறது சீனியம்மாளின் முகம். “அவுக பேர நான் எப்பிடிச் சொல்லுவேன் தாயி? நீயாச்சும் தொரைக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?”

ஜெயக்கொடிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகின்றன. “பேச்சு போகலங்க டாக்டர். எங்க பக்கம் பொண்டாட்டி புருசன் பேரச் சொல்ல மாட்டா.” டாக்டர் மூச்சை விட்டுவிட்டு, வெயிலில் துடிக்கும் அந்தச் சதையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதற்குள் எங்கேயோதான் அந்தப் பெயர் இருக்கிறது. மண்டையைத் திறந்து வைத்தும் அது வெளியே வரவில்லை.