இரண்டாவது சாவி

“நேத்து ராத்திரி சரியாத் தூங்கலை போலிருக்கே?”

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கோச்சின் போன் வந்துவிடும். தினமும் இதே கேள்விதான்.

“தூங்கினேன் சார்” என்றான் கோல்கீப்பர், வாயில் நுரையோடு.

“சரி. ஏதாவது சாப்பிட்டுட்டு வா.”

போனை வைத்துவிட்டுத் தன் மணிக்கட்டையே முறைத்தான். கறுப்புப் பட்டை போட்ட வாட்ச். சீசன் தொடங்கியபோது கிளப் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் கொடுத்தது. எப்போது தூங்கினான், எத்தனை தரம் புரண்டான், நெஞ்சு எப்படி அடித்தது, எல்லாவற்றையும் கிளப்புக்குச் சொல்லிவிடுமாம்.

டீமில் அவனுக்குப் பட்டப்பெயர் தாழ்ப்பாள். நின்றால் பந்தை உள்ளே விடமாட்டான். வீட்டுக்குள் ஆளையும் விட்டதில்லை. வெளியூர்க்காரன், கிளப் கொடுத்த வீட்டில் தனியாக இருந்தான். தூக்கம் வராததும் உண்மைதான். அதனால்தான் அந்தக் கேள்வி அவனைக் குத்தியது.

அன்று உடை மாற்றும் அறையில் வாட்ச் பேச்சு வந்தது.

“எங்க வீட்ல இந்த வேலைக்கு ஏற்கெனவே மாமியார் இருக்காங்க. வாட்ச் வேற எதுக்கு?” என்றான் கேப்டன்.

எல்லோரும் சிரித்தார்கள். தாழ்ப்பாள் சிரிக்கவில்லை.

“தினம் காலையில போன் பண்ணி, தூங்கினியான்னு கேக்கறார். என் படுக்கையில அவருக்கு என்ன வேலை?”

“உனக்குப் போன் பண்றாரா? எனக்கு ஒரு தடவைகூடப் பண்ணினதில்லையே” என்றான் கேப்டன். மற்றவர்களும் இல்லையென்று தலையாட்டினார்கள்.

தாழ்ப்பாளுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் தன்மேல் மட்டும்தான் கண். ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. தூக்கம் போதவில்லை என்று காரணம் காட்டியே கழற்றிவிடப் பார்க்கிறார்.

சாயங்காலமே கிளப் செயலாளரின் அறைக்குப் போனான். கோச்சையும் வரச் சொன்னார்கள்.

“மைதானத்துல என்ன வேணா கேளுங்க சார். வீட்டுக் கதவைச் சாத்தினப்புறம் அது என் பாடு. வேவு பார்க்காதீங்க.”

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று செயலாளர் கோச்சைக் கேட்டார்.

கோச் எதையோ சொல்ல வாயெடுத்தார். அவன் முகத்தைப் பார்த்தார். விழுங்கிக்கொண்டார்.

“அவன் சொல்றது நியாயம்தான். நான் கேட்டிருக்கக் கூடாது.”

வாட்ச் வேண்டாதவர்கள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. பயிற்சி நேரம் போக, கோச் எந்த ஆட்டக்காரனுக்கும் போன் செய்யக் கூடாது என்பதும் முடிவானது.

“நல்லாத்தான் போட்டே தாழ்ப்பாள்” என்று கேப்டன் முதுகில் தட்டினான்.

மறுநாள் காலை பல் தேய்த்தபோது போன் வாஷ்பேசின் விளிம்பில் சும்மா கிடந்தது. அப்பாடா என்றிருந்தது.

அடுத்த நாளும் சும்மா கிடந்தது. அப்பாடா என்று தோன்றவில்லை.

அதற்கடுத்த நாள் வாய் கொப்பளித்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. அவனைக் கூப்பிட வேறு யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மைதானத்தில் கோச் அவனிடம் “இடது பக்கம் பார்த்துக்கோ” என்பதற்கு மேல் பேசவில்லை.

வாரக் கடைசியில் வாட்ச்சைத் திருப்பிக் கொடுக்க ஆபீசுக்குப் போனான். வாட்ச், வீட்டுச் சாவி எல்லாம் அங்கே இருக்கும் அக்காவின் பொறுப்பு. வாங்கி, எண்ணைச் சரிபார்த்தவள் சிரித்தாள்.

“இதுவா? இதை நீ கட்டிக்கிட்டதே தண்டம் தம்பி. முதல் நாள்லேர்ந்தே இது எங்க கம்ப்யூட்டரோட சேரலை. ஒரு தகவல் வந்ததில்லை. அப்பவே கோச்கிட்ட சொன்னேன். ‘பரவாயில்லை, விட்டுடுங்க’ன்னார்.”

“அப்போ நான் தூங்கலைன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சது?”

“எனக்கென்ன தெரியும்? உன் சாவியைப் பார்த்தப்பகூட உன்னைப் பத்தி விசாரிச்சார்.”

“என் சாவியா?”

“ஆமா. எல்லா வீட்டுக்கும் ரெண்டு சாவி குடுக்கறோம். மத்தவங்க மூணாவது இருக்கான்னு கேக்கறாங்க. நீதான் ஒண்ணே போதும்னு திருப்பிக் குடுத்தே. இங்க கிடக்கறதைப் பார்த்துட்டு ‘யாரோடது’ன்னு கேட்டார். சொன்னேன்.”

வாட்ச்சைப் போடுவதற்காக இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே இரண்டு சாவிகள் கிடந்தன.

“இன்னொண்ணு யாரோடது?”

“அது கோச்சோடது. அவருக்கும் கிளப் வீடுதானே. அவர் வீட்டம்மா தவறினப்புறம் கொண்டுவந்து போட்டுட்டுப் போனார்.”

மறுநாள் காலை பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்பே போனை எடுத்தான். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்தாகிவிட்டது.

“என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா? உன்கூடப் போன்ல பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே.”

“நீங்கதான் பண்ணக் கூடாது சார். நான் பண்ணக் கூடாதுன்னு யாரும் சொல்லலை.”

கோச் வீட்டுக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

“நேத்து ராத்திரி சரியாத் தூங்கலை போலிருக்கே சார்?”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லலை சார். என் வீட்டுக்கும் ஒரு சாவிதான்.”