சின்னத் தொட்டியில் மூன்றாம் நாள்

பல்பு மாற்றுகிறேன் பேர்வழி என்று ஏணியைத் தூக்கிப் போய், மனைவியின் பெரிய கண்ணாடித் தொட்டியை உடைத்தவன் நான்தான். அவள் ஒன்பது வருடமாக வளர்க்கும் கடல்மீன்கள் இரண்டும், புதுத் தொட்டி வரும்வரை, ஷூ பெட்டி அளவுள்ள சின்னத் தொட்டியில் இருக்கின்றன. இன்று மூன்றாம் நாள். ஜன்னல் வெயில் தண்ணீருக்குள் சாய்வாக இறங்குகிறது. ஆரஞ்சு மீன் ஒருக்களித்துக் கிடக்கிறது. செவுள் மட்டும் படபடக்கிறது. நீலமீன் மூலையில், என் மாமியாரைப் போல, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. காற்றுக்குழாய் விடாமல் முணுமுணுக்கிறது. மனைவி உப்பை அளக்கும் கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, குனிந்து பார்க்கிறாள், மறுபடியும் பார்க்கிறாள்.

"தண்ணி குறையக் குறைய நான்தான் ஊத்தினேன்," என்கிறேன், பொறுப்பான கணவனின் குரலில்.

"என்ன தண்ணி?"

"உப்புத் தண்ணிதான். கடல்மீனாச்சே!"

அவள் குழாயை எடுத்து மெதுவாகத் துடைக்கிறாள்.

"மீன் கடைக்காரரைக் கேட்டா, பாக்கலாம்னு மழுப்புறார். நீயாவது சொல்லேன், ஆரஞ்சு மீன் பிழைச்சிடுமா?" என்கிறேன்.

"பிழைக்காது. ஆவியாப் போறது வெறும் தண்ணிதாங்க, உப்பு உள்ளேயேதான் இருக்கும். அக்கறையா ஊத்தி ஊத்தியே அதை முடிச்சிட்டீங்க."