டார்ச்சில் செய்த வாள்

"முனையைத் தொட்டுடாதீங்க சார், தோல் வெந்துடும்" என்றது போன்.

வாட்ச்மேன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். வேலையை விட்டு வந்த பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் வாட்ச்மேன்தான். மேஜை மேல் நீளமான பிளாஸ்டிக் குழாய், அதற்குள் விளக்குப் பட்டை, பக்கத்தில் பேட்டரி, ஒயர்கள், ஈயம் உருக்கும் சூட்டுக்கோல். இத்தனைக்கும் இதற்கு முன்னால் வீட்டில் ஒரு பல்புகூட மாட்டியறியாத மனிதர்.

புதிதாகக் கற்பவர்களுக்கு ஒளிரும் வாள் செய்யச் சொல்லித்தரும் போன் வீடியோ வகுப்பு அது. இன்றுதான் கடைசி. மற்றவர்களின் வாள்கள் எரிந்து, அவரவர் நன்றி சொல்லிக் கிளம்பியாயிற்று. இவருடையது மட்டும் எரிவேனா என்றது. இதைச் செய்து முடிக்காமல் மகன் முகத்தில் விழிப்பதில்லை என்று ஒரு வைராக்கியம் வேறு.

போனை அலமாரியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதில் மேஜையும் அவர் கைகளும் மட்டும்தான் தெரியும். 'தொண்டை சரியில்லை, எழுதித்தான் கேட்பேன்' என்று முதல் வகுப்பிலேயே ஒற்றை விரலால் தட்டி அனுப்பிவிட்டார்.

"வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்றாள் மனைவி. போனில் படாமல் கட்டிலின் ஓரமாக உட்கார்ந்து, மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வகுப்பையும் அவள் விட்டதில்லை.

"உன் வேலையைப் பாரு." பேச்சு அந்தப் பக்கம் போகாதபடி போனின் மைக்கை அணைத்து வைத்திருந்தார்.

"வாத்தியார் இன்னும் இளைச்சுட்டாரு. வேளாவேளைக்குச் சாப்பிடறதில்ல போல."

அவர் காதில் விழாதவர்போல் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"கேக்கணும்னு இருந்தேன். யாருக்கு சார் செய்யறீங்க? பேரனுக்கா?" என்றார் வாத்தியார்.

'மகனுக்கு.'

"அப்படியா? என்ன வயசு?"

விரல் சற்றுத் தயங்கியது. 'பன்னிரண்டு.'

"கொடுத்து வெச்ச பையன். எனக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்ல" என்று வாத்தியார் சிரித்தார். துணி மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"சரி, பிடியை மாட்டுவோம். நான் சொன்ன இரும்புக் குழாய் எங்க?"

வாட்ச்மேன் மேஜைக்கடியிலிருந்து ஒரு பழைய டார்ச் லைட்டை எடுத்து வைத்தார்.

"நல்ல டார்ச்சைப் போய் பிடியாக்கப் போறீங்களா? வீணாப் போயிடுமே சார்."

'போகட்டும். இதுதான் வேணும்.'

வேலைக்குப் போன காலத்தில் அந்த டார்ச்சை யாராவது தொட்டால் வீடு இரண்டாகும். ராத்திரிக் காவலுக்கு அதுதான் அவருக்குக் கண். இன்று அவரே அதன் தலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குழாயை உள்ளே செருகினார். டார்ச்சின் கழுத்தில் ஒரு பழைய நசுங்கல். குழாய் அதில் இடித்துக்கொண்டு போகமாட்டேன் என்றது.

"கொஞ்சம் கிட்ட காட்டுங்க சார்."

காட்டினார். போனிலிருந்து சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது.

"குழாயைச் சாய்ச்சு விடுங்க. நசுங்கல் வழிவிடும்." வாத்தியாரின் குரல் இறங்கிப் போயிருந்தது. "சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் மாறிக் கிடக்கு. அதான் எரியல."

ஒயர்களைப் பிரித்து, மாற்றி, மறுபடி ஈயம் வைத்தார். பாதி ஈயம் மேஜையில் சிந்தியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச்சின் பொத்தானைத் தள்ளினார்.

குழாய் முழுவதும் நீலமாக எரிந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். 'எரிந்துவிட்டது' என்று தட்டப் போனவருக்குக் கண் கலங்கி எழுத்தே தெரியவில்லை.

வாத்தியார் பாராட்டவில்லை. மற்ற மாணவர்களுக்குத் தட்டியதுபோல் கையும் தட்டவில்லை.

"நான் செஞ்ச முதல் கத்தியும் இப்படித்தான் எரிஞ்சுது" என்றார் மெதுவாக. "அந்த டார்ச்சை எடுத்துட்டேன்னு நீங்க கத்தியை மிதிச்சு ஒடச்சப்ப எனக்குப் பன்னெண்டு வயசுப்பா."