மூன்றாவது சுழி

ஷெரின் தான் வரைந்த எழுத்துருவைப் பொதுவில் வைத்து, "எவரும் எடுக்கலாம், எவரும் திருத்தலாம்" என்று எழுதியிருந்தாள். மூன்றாம் நாள் மன்னாரிலிருந்து தவசீலன் என்ற ஆசிரியரின் குரல்பதிவு வந்தது. "பார்வை குறைஞ்ச பிள்ளையளுக்குப் பெரிய எழுத்தில பாடம் அச்சடிக்கிறன், தங்கச்சி. உங்கட ண-வும் ன-வும் அவைக்கு ஒண்டாத்தான் தெரியுது. திருத்துவம் எண்டு கோப்பைத் திறக்கப்போனா, ஏதோ மென்பொருளைக் காசு குடுத்து வாங்கச் சொல்லுது."

ஷெரினுக்கு அந்த மென்பொருளை அலுவலகம் வாங்கித் தந்திருந்தது. அதன் விலைகூட அவளுக்குத் தெரியாது. "நானே திருத்தித் தர்றேன் சார்" என்று பதில் போட்டாள்.

மறுநாள் ஒரு படம் வந்தது. அவள் வரைந்த ண-வை உள்ளங்கை அகலத்துக்கு அச்செடுத்து, பிளேடால் சுழிகளை அறுத்து, தள்ளித் தள்ளி ஒட்டியிருந்தார். ஓரமெல்லாம் பசை. மூன்றாவது சுழியின் மேல் ஒரு பிள்ளையின் சின்ன விரல் இருந்தது.

"எவரும் திருத்தலாம் எண்டு எழுதியிருந்தனீங்கள்தானே. திருத்திப்போட்டன்."

அந்த வளைவை எப்படி அறுத்திருப்பார் என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள் ஷெரின். பிறகு மென்பொருளை மூடிவிட்டு, அவர் தொடாத ன-வை அதே அகலத்துக்கு அச்செடுத்தாள். வீட்டில் பிளேடு எங்கே இருக்கும் என்று யோசித்தபடி எழுந்தாள்.