பழைய பவர் சப்ளை

அது செவ்வாயா புதனா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாது. மழை பெய்ததாக ஒரு நினைவு. அது வேறொரு நாளாகவும் இருக்கலாம். தங்கை சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் எழுத்துப் பிசகாமல் நிற்கிறது.

"கொன்னுட்டியே அண்ணா."

சுற்றி அவள் கணவரும் பிள்ளையும் பக்கத்து வீட்டுக்காரம்மாவும் நின்றிருந்தார்கள். அண்ணன் குனிந்து, மேசைமேல் கிடந்ததன் மூடியைக் கழற்றினார். கருகல் வாடை கூடம் முழுக்கப் பரவியது.

செத்துக் கிடந்தது அவளுடைய கம்ப்யூட்டர். ஆறு வருட ஆராய்ச்சி அதற்குள் இருந்தது. திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். நகல் எதுவும் எடுத்து வைக்கவில்லை என்றாள்.

அண்ணன் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். மற்ற எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடி, பவர் சப்ளையில் மட்டும் பிடிக்காதே என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஓதுவார். சுவரிலிருந்து வரும் கரண்ட்டைப் பக்குவமாக்கி உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் அளந்து ஊட்டுவது அதுதானே என்பார். கடைத்தெருவில் அவருக்கு 'சப்ளை சாமியார்' என்றே பெயர்.

இரண்டு வருடம் முன்பு, இந்தப் பெட்டியோடு வந்த மட்டமான சப்ளையைக் கழற்றிவிட்டு நல்லதாக ஒன்றைப் போட்டவரும் அவரே. தங்கை பக்கத்தில் நின்று ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கழற்றியதை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"கனமே இல்லாம பஞ்சு மாதிரி இருக்குல்ல? இது போகும்போது தனியாப் போகாது. கூட இருக்கிற எல்லாத்தையும் கூட்டிட்டுத்தான் போகும். குப்பைல போட்டுரு."

இப்போது பெட்டிக்குள் வெந்து கிடந்தது அந்தப் பழையதேதான்.

அதை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, இது நான் போட்டது இல்லை என்று மெதுவாகச் சொன்னார்.

"அப்போ திருடன் வந்து மாத்திட்டுப் போனானா?" என்றாள் தங்கை. "உன்ன நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அண்ணன் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சன்னலைப் பார்த்தார். ஆறு வருடமாகச் சமையலும் துணியும் பிள்ளையின் வீட்டுப்பாடமும் அந்த மனிதர் தலையில். இந்தப் பெட்டிதான் எனக்கு வாய்த்த சக்களத்தன் என்று சொல்லிச் சிரிப்பார். போன மாதம் சொன்னபோது சிரிக்கவில்லை.

அண்ணனுக்கு விளங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறந்தால் தங்கையின் குடித்தனம் இரண்டுபட்டுப் போகும். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, தப்பு என்மேல்தான் என்றார்.

அப்பா அம்மா போன பிறகு உறவென்று அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு வீடுதான். இனி என் வாசற்படி மிதிக்காதே என்று அவள் சொன்னதையும் நின்று கேட்டுக்கொண்டார்.

எழுதியதெல்லாம் பதிந்திருக்கும் டிஸ்க்கையாவது காப்பாற்ற முடிகிறதா பார்க்கிறேன் என்றார். போனது போகட்டும், தொடாதே என்று அவள் தடுத்தாள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தெருவரை தூக்கிவந்து, "ஏதாச்சும் தேறுமான்னு பாருங்க மச்சான்" என்றார். செய்வதையும் செய்துவிட்டு என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டே அண்ணன் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் கடை திறக்கவில்லை. டிஸ்க்கின் அடியில் மிளகில் பாதியாக ஒரு காவல் பாகம் இருக்கும். எகிறி வந்த மின்சாரத்துக்கு அது தன்னைக் கொடுத்து டிஸ்க்கைக் காத்திருந்தது. அதை எடுத்துவிட்டு வேறு சப்ளையில் மாட்டியதும் டிஸ்க் சுழன்றது. அந்த மெல்லிய இரைச்சலைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தார்.

உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்க மனம் வரவில்லை. அவள் எழுதியது, முதலில் அவள்தான் பார்க்க வேண்டும். மிதிக்காதே என்ற வாசற்படியை அன்று காலையே மிதித்தார். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார், பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு.

"பிழைச்சிருச்சும்மா. நான் திறந்து பார்க்கல, நீயே பாரு."

அவள் கை நீட்டவில்லை. பாம்பைப் பார்ப்பதுபோல் டிஸ்க்கைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அதுல ஒண்ணும் இல்லண்ணா. தலைப்பு மட்டும்தான் இருக்கு."

அவருக்குப் புரியவில்லை.

"முடியப்போகுது, முடியப்போகுதுன்னே ஆறு வருஷம் சொல்லிட்டேன். பழசை நான் குப்பைல போடல. போன மாசம் நான்தான் எடுத்து மாட்டினேன். நான் நினைச்ச மாதிரி உடனே எரியல. மூணு வாரம் காத்திருந்தேன்."

அவர் தரையைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்.

"என் பேரை ஏம்மா இழுத்த?"

"அவர்கிட்ட உண்மையைச் சொன்னா இந்த வீடு நிக்காது. நீ தாங்கிக்குவ." எழுந்துகொண்டே சொன்னாள்: "டிஸ்க்கும் செத்துப்போச்சுன்னு சொல்லிரு."

அண்ணன் மாப்பிள்ளையிடம் அப்படியே சொன்னார். பல்கலைக்கழகம் இரக்கப்பட்டு இன்னும் ஒரு வருடம் கொடுத்தது. தங்கை, மனம் விட்டுப்போனது என்று சொல்லி, ஆராய்ச்சிக்கு முன் பார்த்த வேலைக்கே திரும்பிவிட்டாள். அண்ணன் அதன் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. மாப்பிள்ளை, தெரிந்தவர்கள் யார் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினாலும், அந்தக் கடைக்கு மட்டும் போய்விடாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறார்.